முப்பத்தொன்பதாம் குரல்

வடகரப்பதி
10 நவம்பர் 2024

அன்புள்ள கற்பகக்காவுக்கு,

மோகனசுந்தரம் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேனுங்க. அங்கே மாமா, அத்தை, நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவுக்கு முட்டிவலி இந்தக் குளிரில் கூடியிருக்கும்.

நீங்கள் இதுவரை பதினேழு முறை கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் எடுக்கவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. மோனிஷா இறந்துபோன மூன்றாம் நாள் நீங்கள் கூப்பிட்டதை மட்டும் எடுத்தேன். "தம்பி, சாப்பிட்டீகளா?" என்றீர்கள். அது அப்படியே அவள் குரல். கூடப் பிறந்தவர்களுக்குக் குரல் ஒத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். குரலை வைத்தே பிழைக்கிறவன் நான். இருந்தும் அன்றைக்குப் போனைத் தென்னந்தோப்பு வரப்பில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் அப்பா போய் எடுத்துவந்தார். அதனால் எனக்குக் கடிதம் போடுங்கள். கடிதத்துக்குச் சத்தம் இல்லை.

வேலைக்குப் போய் வருகிறேன். அம்மா டிபன் கட்டித் தருகிறாள். "ஏங் கண்ணு, ரெண்டு வாயாச்சும் உண்ணு" என்கிறாள். கஞ்சிக்கோடு ஆபீஸ் வரைக்கும் கொண்டுபோய் அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறேன். அம்மா அதை நாய்க்கு வைக்கிறாள்.

நானும் மோனிஷாவும் புருஷன் பெண்டாட்டியாக ஒரே ஆபீசில் செய்த வேலை உங்களுக்குத் தெரியும். தோட்டத்து ஆட்கள் போனில் தங்கள் நோயைச் சொன்னால், அதைப் புரிந்து எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் செயற்கை அறிவுக் கருவி. கென்யாவில் ஒரு பல்கலைக்கழகம், பின்லாந்தில் ஒன்று, எங்கள் ஆபீஸ், மூன்றும் சேர்ந்து செய்வதாக வரும் மார்ச்சில் ஒப்பந்தம் ஆகிறது. கென்யாவிலும் தேயிலைத் தோட்டம் உண்டு. எங்கள் பங்கில் முக்கியமானது, ஜூலையில் உங்கள் எஸ்டேட்டில் மோனிஷா பதிவு செய்த பன்னிரண்டு பெண்களின் குரல்தான்.

ஒரு சின்னக் கேள்வி. பேசிய எல்லோருக்கும் சம்மதப் படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டித்தானே அவள் ஒப்பு வாங்கினாள்? ஆபீஸ் நடைமுறைக்காகக் கேட்கிறேன்.

பதில் மெதுவாக வந்தாலும் போதும். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மோகனசுந்தரம்


சித்திரமலை எஸ்டேட், கீழ் டிவிஷன்
26 நவம்பர் 2024

தம்பிக்கு,

கற்பகம் எழுதுறது. இங்க அப்பா, அம்மா, நான், எங்க வீட்டுக்காரரு எல்லாரும் ஏதோ சுகமா இருக்கோம். உங்க சுகமும் உங்க அம்மா அப்பா சுகமும் எழுதணும்.

தபால்காரன் டிஜோ உங்க கடுதாசியைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வந்தான். "சேச்சி, இந்தக் காலத்துல கையெழுத்துல லெட்டரா? கோர்ட்டு நோட்டீசுன்னு நெனச்சுப் பயந்துட்டேன்"ங்கிறான்.

நீங்க போன் எடுக்கலைன்னதும் உங்களுக்கு என்னமோ ஏதோன்னு கெடந்தோம். தண்ணித் தொட்டிகிட்டதான் சிக்னல் கிடைக்கும். அங்கன நின்னு நின்னு கூப்பிட்டேன். இப்ப புரியுது. சின்னதுலயே அம்மா ஏமாந்து போகும். நான் அடுப்படியில இருந்து கூப்பிட்டா, "வாறேன்டி மோனிஷா"ங்கும். போன வாரமும் அப்படித்தான் சொல்லிருச்சு. நான் பாட்டுக்கு அரிசி களைஞ்சேன்.

நீங்க கேட்டது. பன்னெண்டு பேரும் ஒப்பு போட்டாக. படிச்சுக் காட்டித்தான் வாங்குனா. நான் கிரச்சுல பிள்ளைகளைத் தூங்கப் போட்டுட்டுப் பக்கத்துலதான் இருந்தேன். சந்தேகமே வேண்டாம். கென்யாக்காரவுகளும் கொழுந்து கிள்ளுறவுகதான்னு நான் சொன்னதுக்கு, பன்னெண்டு பேருல மூத்தவுக செபமாலையம்மா, "அப்ப அவுகளுக்கும் முதுகு வலிக்கும், எழுதிப்போடு"ன்னு சொன்னாக.

அவ நீலப் பை இங்கன இருக்கு. கம்பளியும் இருக்கு. ஒரு நோட்டும் இருக்கு. எப்ப வந்து எடுத்துக்கிடுவீக? ஒடம்பைப் பாத்துக்கிடுங்க. நாயிக்குப் போட்டது போதும், நீங்க தின்னுங்க.

கற்பகம்


கஞ்சிக்கோடு
15 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே கிழக்குக் காற்று தொடங்கிவிட்டது. நாள் முழுக்க யாரோ கதவைத் தட்டுவது போலவே இருக்கிறது.

இந்தக் கூட்டு வேலையில் ஒரு விதி உண்டு. தன் பதிவைத் தானே சரி என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. கென்யாக்காரர்களின் பதிவை நாங்கள் சோதிப்போம், எங்களுடையதை அவர்கள். பேசியது யார், எதற்குச் சம்மதித்தார், பிறகு வேண்டாம் என்றால் அழிக்க வழி இருக்கிறதா, எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அங்கே பார்ப்பவர் பெயர் செப்கோரிர். என் வயதுதான் இருக்கும். அவருடைய அம்மாவும் கொழுந்து கிள்ளியவராம். செப்கோரிருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. தெரியாததால்தான் கண்டுபிடித்தார் என்று நினைக்கிறேன். நாங்கள் வார்த்தையைக் கேட்கிறோம். அவர் மூச்சைக் கேட்டிருக்கிறார். "முப்பத்தொன்றில் இருந்து முப்பத்தொன்பது வரை ஒன்பது பெண்களும் ஒரே மாதிரி மூச்சு இழுக்கிறார்கள். ஒரே ஆள் போல இருக்கிறது. பார்த்துச் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார்.

அதுவரை நான் அந்தப் பதிவுகளைக் கேட்டதில்லை. அவை ஆபீசுக்கு வந்த வாரம் அவள் ஐ.சி.யூ.வில் இருந்தாள். என் பக்கத்து நாற்காலி பினுதான் எண்ணிப் பார்த்து வரிசைப்படுத்தி வைத்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் ஹெட்போனை மாட்டினேன். முப்பத்தொன்று. பெயர் செபமாலையம்மாள், வயது அறுபத்தொன்று. "நெஞ்சுக்குள்ள கரையான் அரிக்கிற மாதிரி இருக்கு டாக்டரே, இருமி இருமி விலா எலும்பு நோவுது" என்று ஒரு வயசான குரல் இழுத்து இழுத்துப் பேசியது.

அக்கா, அது மோனிஷா.

முப்பத்திரண்டும் அவள். முப்பத்து மூன்றும் அவள். ஒன்பது பெயர், ஒன்பது வயது, ஒன்பது நோய். ஐந்து மாதம் கழித்து என் காதுக்குள் பேசுகிறாள். என்னிடம் இல்லை. யாரோ ஒரு டாக்டரிடம்.

அங்கே என்ன நடந்தது? பக்கத்தில் இருந்ததாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

மாமாவுக்கும் அத்தைக்கும் இதைச் சொல்ல வேண்டாம்.

மோகனசுந்தரம்


சித்திரமலை
23 டிசம்பர் 2024

தம்பிக்கு,

கற்பகம். இங்க எல்லாரும் சுகம். அப்பா முட்டிக்கு எண்ணெய் போட்டுக் கட்டியிருக்கோம்.

நீங்க எழுதுனது எனக்கு ஒண்ணும் விளங்கலை. மெசினு தப்பாச் சொல்லியிருக்கும். ரெண்டு பொம்பளைக குரலு ஒண்ணு போல இருக்கக் கூடாதா? நானும் அவளும் இல்லையா? செபமாலையம்மா கிறிஸ்மசுக்கு முறுக்குச் சுட்டுக் குடுத்தாக, உங்களுக்கு ஒரு பொட்டலம் டிஜோ மூலமா அனுப்பியிருக்கேன். நொறுங்காம வந்துச்சான்னு எழுதுங்க.

குளிருக்குக் காதை மூடிக்கிடுங்க.

கற்பகம்


கஞ்சிக்கோடு
8 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

முறுக்கு வந்தது. பாதி நொறுங்கியிருந்தது. நொறுங்கியதைத் தின்றேன். மாமாவின் முட்டி தேவலையா?

பினுவிடம் மட்டும் சொன்னேன். அவன் மலையாளமும் தமிழும் கலந்து பேசுவான். "எடா, ஒன்பது பேரும் ஒரே குடும்பம்னு எழுதி விடு. கென்யாவுல இருந்து ஏறி வந்து யாரு பாக்கப் போறா?" என்றான். அவன் கெட்டவன் இல்லை. ஐ.சி.யூ. வாசலில் என்னோடு ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தவன்.

உண்மையைச் சொன்னால் இரண்டு காரியம் நடக்கும். பொய்ப் பதிவு செய்தவள் என்று அவள் பெயர் மூன்று நாட்டு அறிக்கையிலும் ஏறும். அடுத்தது, ஒன்பது குரலையும் அழிப்பார்கள். விதி அது. அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். சொல்லாவிட்டால் அவள் இருப்பாள். மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்து கருவி படிக்கத் தொடங்கும்போது அவளிடம்தான் தமிழ் படிக்கும். செப்கோரிருக்கு, "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று மட்டும் பதில் போட்டேன். அது பொய்யும் இல்லை. தினமும் மத்தியானம் அதைத்தான் செய்கிறேன். நாளுக்கு ஒருத்தி. நேற்று முப்பத்தைந்து, இடுப்புவலிக்காரி. காண்டீனில் சோற்றில் கை வைத்தேன். முதுகுக்குப் பின்னால், "குனிஞ்சா நிமிர முடியலை டாக்டரே" என்று கேட்டது. திரும்பிப் பார்த்தேன். லாரி டிரைவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

முப்பத்தொன்பதை மட்டும் முழுக்கக் கேட்க முடியவில்லை. பாதியில் கழற்றிவிட்டேன். அதில் குரல் கரகரக்கிறது. ஒரு வாக்கியத்துக்கு மூன்று இடத்தில் மூச்சு வாங்குகிறது. முதலில் அதுவும் நடிப்பு என்றுதான் நினைத்தேன். பிறகு முப்பத்தாறில் இருந்து வரிசையாகக் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. யாரும் நாலு நாளாக அப்படி நடிக்க முடியாது. முப்பத்தொன்பதின் தேதி ஜூலை ஒன்பது.

பதினொன்றாம் தேதி பஸ் இறங்கி வந்தவள், "இன்னைக்குக் காலையிலதான் லேசாச் சுடுது" என்றாள். ஆஸ்பத்திரியிலும் நான் அதைத்தான் சொன்னேன்.

அக்கா, அங்கேயே காய்ச்சல் இருந்ததா?

மோகனசுந்தரம்


வடகரப்பதி
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம்தானே? ஒரு மாதமாகப் பதில் இல்லை. டிஜோ லீவாக இருக்கலாம்.

நான் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. ஜூலையில் அடைமழை. மோனிஷா, "மழை நின்னதும் போறேன்" என்றாள். நான்தான், "பன்னிரண்டு குரல் குறையுது, இந்த மாசம் கணக்குக் காட்டணும், இப்பவே போயிட்டு வந்துரு" என்றேன். கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக, "பன்னெண்டுதானே, பதிமூணாக் கொண்டாறேன்" என்று கையாட்டினாள். குடை வீட்டிலேயே இருந்தது. அதைப் பஸ் போன பிறகுதான் பார்த்தேன்.

உங்களிடம் கேள்வி கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்று தெரியும். இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

மோகனசுந்தரம்


சித்திரமலை
22 பிப்ரவரி 2025

தம்பிக்கு,

கற்பகம் எழுதுறது. டிஜோ லீவெல்லாம் இல்லை. உங்க கடுதாசி ரெண்டும் என் தலையணைக்கு அடியிலதான் கெடக்கு. பேனாவை எடுத்து எடுத்து வச்சேன்.

நாலு வருசத்துக்கு முன்னால செபமாலையம்மா லயத்து வீடு ஒழுகுறதையும் கக்கூசு இல்லாததையும் போன்ல பேசி யாருக்கோ அனுப்புனாக. பேரு சொல்லலை, மொகத்தைக் காட்டலை. அது சுத்திச் சுத்தி எஸ்டேட்டு ஆபீசுக்கே வந்து, குரலை வச்சே ஆளைக் கண்டுபிடிச்சாக. அவுகளைத் தூக்கி மேல் டிவிஷன்ல போட்டாக. ரெண்டு மழைக்காலம் மூணு மைலு நடந்து வேலைக்குப் போனாக. நெஞ்சுச்சளி அன்னைக்குப் புடிச்சதுதான். அதுல இருந்து இங்க எவளும் மைக்கைக் கண்டா வாயத் தொறக்க மாட்டா.

இளவயசுப் பிள்ளைக மூணு பேரு மோனிஷாகிட்ட தைரியமாப் பேசிருச்சுக. மத்த ஒன்பது பேரும், "ஒனக்குச் சொல்றோம்டி, அந்த மெசினுக்குச் சொல்ல மாட்டோம்"னுட்டாக. கொழுந்து நிறுத்துப் போட்டுட்டுக் கிரச்சுக்கு வந்தாக. மெசினை அணைச்சு அரிசித் தகரத்துக்குள்ள வச்சு மூடச் சொன்னாக. மூடுனா. ஒரு பிடி பச்சைக் கொழுந்தைக் கையில வாங்கி, "உங்க குரலு இந்த வாசலைத் தாண்டாது"ன்னு சத்தியம் பண்ணுனா. பெறகு பேசுனாக பாருங்க தம்பி. கட்டுன புருசன்கிட்டச் சொல்லாததை எல்லாம் சொன்னாக. அவ ஒவ்வொண்ணையும் நோட்டுல எழுதிக்கிட்டா. மறுநாள்ல இருந்து எங்க அடுப்படியில உக்காந்து அவுக அவுக மாதிரியே பேசிப் பதிஞ்சா. வார்த்தை எல்லாம் அவுகளோடது. தொண்டை மட்டும் அவளோடது.

"ஏன்டி, இது பொய்யில்லையா?"ன்னு நானே கேட்டேன். "பேசுனவளுக்குக் கெடுதல் வரக்கூடாதுன்னுதான் அக்கா விதியே போட்டிருக்கோம். அவருகிட்ட நான் நேர்ல போயி பக்குவமாச் சொல்லிக்கிடுறேன்"னா. சொல்றதுக்குத்தான் ஊருக்கு வந்தா.

காய்ச்சல் ஆறாந் தேதியே வந்துருச்சு. டிஸ்பென்சரிக்கு வாடின்னேன். "இன்னும் நாலு பேரு பாக்கி. அவருக்கு மட்டும் சொல்லிராத, மழையோட மழையா வந்து நிப்பாரு"ன்னா. நான் கருப்பட்டிக் காப்பி போட்டுக் குடுத்தேன். ஆஸ்பத்திரியில எலிப்பனின்னாகளே, அந்த எலிக்காய்ச்சலுக்குக் கருப்பட்டிக் காப்பி. நாலு நாளு அதைத்தான் குடுத்தேன் தம்பி. அவ அப்புறம் நல்லாத்தான் சிரிச்சுப் பேசுனா.

பதினேழு தடவை நான் கூப்பிட்டது உங்க சுகம் கேக்க இல்லை. இதைச் சொல்லத்தான். நீங்க எடுக்காம விட்டப்ப, ஒவ்வொரு தடவையும், அப்பாடான்னு இருந்துச்சு.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

கற்பகம்


கஞ்சிக்கோடு
16 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி வாளையாறு வரைக்கும் போய்த் திரும்பினேன். காய்ச்சல் என்றால் எங்கள் வீட்டிலும் முதலில் கருப்பட்டிக் காப்பிதான் போடுவார்கள்.

இங்கே வந்து, எங்கள் ஆபீஸ் டைரக்டரிடம் சொல்லிவிட்டு, செப்கோரிரிடம் பேசினேன். வீடியோவில். எல்லாவற்றையும் சொன்னேன், அரிசித் தகரம் வரைக்கும். தகரத்துக்கு மட்டும் சிரித்தார். அவர் பின்னால் எங்கோ சேவல் கூவியது.

"எங்களிடம் நாற்பது பெண்களின் குரல் இருக்கிறது. எல்லாம் உண்மையான குரல். ஆனால் ஒன்றிலும் நோய் இல்லை. எல்லோரும் தலைவலி, தலைவலி என்றே சொல்கிறார்கள். என் அம்மா உட்பட. அவளுக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியும். உங்கள் மனைவி ஒன்பது நோய்களைக் குரல் இல்லாமல் கொண்டுவந்திருக்கிறார். எங்களுடைய நாற்பதை மெய் என்று எழுதி அவருடையதைப் பொய் என்று எழுத என்னால் முடியாது" என்றார்.

ஆனால் விதியைத் தளர்த்தவில்லை. நானும் கேட்கவில்லை. ஒப்பந்தம் செப்டம்பருக்குத் தள்ளிப்போய்விட்டது. டைரக்டர் என்னைப் பார்ப்பதில்லை. அறிக்கையில், "விதிமீறல்" என்றுதான் எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே ஏன் செய்தாள் என்பதையும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறோம். பெயரை மறைத்துவிடலாமா என்று கேட்டார்கள். போடுங்கள் என்றேன். குரலைக் கொடுக்காமல் வார்த்தையை மட்டும் கொடுக்கும் உரிமை என்று ஒரு புது விதி சேர்க்க வேண்டும் என்று செப்கோரிர் கேட்டிருக்கிறார். பின்லாந்துக்காரர்கள் யோசிக்கிறார்கள்.

இப்போது அந்த ஒன்பது பேரிடமும் மறுபடி கேட்க வேண்டும். ஒரு சின்னக் கருவியை அனுப்புகிறேன். அவரவர் பதிவை அவரவர் மட்டும் காதில் மாட்டிக் கேட்கட்டும். முடிவு அவர்களுடையது. என்னுடையது இல்லை. அதை இரண்டு முறை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். என்னுடையது இல்லை.

மோகனசுந்தரம்


சித்திரமலை
15 ஏப்ரல் 2025

தம்பிக்கு,

கற்பகம் எழுதுறது. நாங்க எல்லாரும் சுகம். உங்க வீட்டுல விஷுவுக்கு ஏதாச்சும் செஞ்சாகளா? இங்க ஒண்ணும் செய்யலை.

நேத்து லீவுங்கிறதால ஒன்பது பேரும் கிரச்சுக்கு வந்தாக. சங்கையா சூப்பர்வைசரு எட்டிப் பாத்து, "என்ன, பொம்பளைக மீட்டிங்கா?"ன்னாரு. "ஒனக்குத்தான்யா பொண்ணு பாக்கோம், ஒண்ணும் தேறலை, போ"ன்னாக செபமாலையம்மா. மனுசன் நடந்த வேகத்தைப் பாக்கணுமே.

ஒவ்வொருத்தியாக் காதுல மாட்டிக் கேட்டாக. செபமாலையம்மா கேட்டுட்டு, "சிறுக்கி, என் இருமலை என்னைய விட நல்லா இருமியிருக்கா"ன்னு சிரிச்சாக. கருவியைக் கழத்தி என் மடியில வச்சுட்டு வெளிய போயி நின்னுக்கிட்டாக. அம்மா வாசல்லயே உக்காந்திருந்துச்சு. நான் கூப்பிட்டேன். உள்ள வரலை. காய்ச்சல் விசயத்தை நேத்தே அம்மாகிட்டச் சொல்லிட்டேன். "எனக்குத் தெரியும்டி, அடுப்படிக்கும் எனக்கும் ஒரு செவுருதானே"ன்னுச்சு. இத்தனை மாசமா அதுவும் சொல்லலை.

முடிவு இதுதான். அவ குரலை எடுத்துறணும். ஒன்பது பேரும் ஒண்ணாச் சொல்லிட்டாக. "நம்ம பேருல அவ பேசிக்கிட்டே கெடந்தா அந்தப் பிள்ளை எப்பத்தான் ஓயும்?"ன்னாக ஒருத்தி. ரெண்டு பேரு வார்த்தையும் வேண்டாம்னுட்டாக. ஆறு பேரு வார்த்தை போகலாம்னாக. அதை யாரு பேசுறதுன்னு பேச்சு வந்துச்சு. நான் பேசுறேன்னேன். கள்ளப் பேரு இல்லை. "சொன்னவுக வேற, பேசுறது கற்பகம்"னு வெளிப்படையா எழுதிக்கிடுங்க. செபமாலையம்மா மட்டும், "இப்ப ரிட்டயர்டு ஆயிட்டவளை இனி எந்த மலைக்கு மாத்துவான்? என் இருமலை நானே இருமுறேன்"ங்காக.

நான் பேசுனா உங்களுக்குக் கேக்க முடியுமா தம்பி? அது ஒண்ணுதான் யோசனை.

கற்பகம்


கஞ்சிக்கோடு
10 மே 2025

அன்புள்ள அக்கா,

நலம். அங்கேயும் நலம்தானே? உங்கள் கேள்விக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

நேற்றுக் காலை பதினொரு மணிக்கு அழித்தோம். பினு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கென்யாவிலும் பின்லாந்திலும் அதே நேரத்தில் அவரவர் பிரதியை அழித்துவிட்டுச் செய்தி போட்டார்கள். நெருங்கிய உறவுக்காரர் ஒரு பிரதி வைத்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அந்தப் பெண்களின் வலி என் பெட்டியில் இருந்தால் அவள் செய்த சத்தியம் என்ன ஆவது?

அழிப்பதற்கு முன்னால் முப்பத்தொன்பதைக் கடைசிவரை கேட்டேன். பேசி முடித்து, அணைக்க மறந்திருக்கிறாள். கொஞ்சம் இருமல். அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம். பிறகு, "அக்கா, தண்ணி." அதற்கு, "இந்தாடி, மெதுவாக் குடி." ஒரு டம்ளரைக் கீழே வைக்கும் ஓசை. அவ்வளவுதான். மொத்தம் ஆறு விநாடி. கேட்டது அவள், கொடுத்தது நீங்கள் என்பதை வார்த்தையை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. குரலை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. மூன்று முறை கேட்டேன்.

அந்த ஆறு விநாடியை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். அதில் வேறு யாருடைய வலியும் இல்லை. ஆனால் அதில் பாதி நீங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் நான் வைத்துக்கொள்ள முடியாது. எங்கள் படிவம் ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். படித்துப் பாருங்கள். வேண்டாம் என்றால் அதையும் அழித்துவிடுவேன். கடிதம் வரும்வரை கேட்க மாட்டேன்.

மோகனசுந்தரம்


சித்திரமலை
21 மே 2025

தம்பிக்கு,

கற்பகம் எழுதுறது. எல்லாரும் சுகம். மழை தொடங்கிருச்சு. நீங்க குடை இல்லாம வெளிய போகாதீக.

நீங்க அனுப்புன சம்மதப் பாரத்தை நிதானமாப் படிச்சேன். "எதற்குப் பயன்படும்"ங்கிற எடத்துல, "கேட்பதற்கு"ன்னு எழுதியிருக்கீக. சரி. "யார் கேட்பார்கள்"ல, "நான்"னு மட்டும் இருந்துச்சு. பக்கத்துல, "அம்மா"ன்னு சேத்திருக்கேன். என்னைக்காச்சும் கேக்கும். "எத்தனை காலத்துக்கு"ங்கிறதை நீங்க காலியா விட்டுட்டீக. அதுக்கு ரெண்டு நாளு யோசிச்சேன். "இவருக்கு என் குரலு என் குரலாவே கேக்குற வரைக்கும்"னு எழுதி ஒப்பு போட்டிருக்கேன். இப்படி எழுதுனா உங்க ஆபீசுல ஏத்துக்கிடுவாகளான்னு தெரியலை. ஏத்துக்கிடலைன்னா திருப்பி அனுப்பாதீக, நான் மாத்த மாட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில பதினோரு மணிக்குத் தண்ணித் தொட்டிகிட்ட நிப்பேன். பெல் அடிச்சா எடுப்பேன். எடுத்துட்டு ஒண்ணும் பேச மாட்டேன். பயப்படாதீக. நீங்க பேசுங்க. சாப்பிட்டது, சாப்பிடாதது, எதுன்னாலும் சொல்லுங்க.

உங்க குரலு எப்படி இருக்கும்னே எனக்கு மறந்து போச்சு தம்பி.

கற்பகம்